மூன்றாவது சக்கரத்துக்கு ஏர் எடுத்தபோது

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எனக்குப் பேய், பிசாசு, காத்துக் கருப்பு எதிலும் நம்பிக்கை கிடையாது. கள்ளக்குறிச்சியில் இருபது வருடமாக மெக்கானிக் ஷெட் வைத்திருக்கிறேன், விபத்தில் நசுங்கிய எத்தனையோ வண்டிகளை ரத்தக் கறையோடு கழுவியிருக்கிறேன், அதற்குள்ளேயே படுத்து மதியத் தூக்கமும் போட்டிருக்கிறேன். ஒன்றும் வந்து என்னை எழுப்பியதில்லை. இதைக் கேட்டு நீங்கள் சிரிப்பீர்கள், சிரியுங்கள், வேறு யாராவது சொல்லியிருந்தால் நானும் சிரித்திருப்பேன்.

அன்வர் பாய் என் சிநேகிதர், பஸ் ஸ்டாண்டு பக்கம் செருப்புக் கடை. நாற்பத்தைந்து வயதில் அவருக்கு ஓர் ஆசை, சென்னைக்குப் பக்கத்து ரேஸ் டிராக்கில் சொந்தக் காரை ஒரு நாள் முழுக்க ஓட்டவேண்டுமாம். அதற்காக மூங்கில்துறைப்பட்டுப் பக்கம் ஒரு கரும்பு விவசாயி வீட்டுக் கொட்டகையில் வருஷக்கணக்காகக் கிடந்த பழைய வெள்ளைக் காரை வாங்கிவந்தார். அதில் யாராவது செத்தார்களா என்றுதானே கேட்கப்போகிறீர்கள்? விசாரித்துவிட்டேன், ஒருத்தரும் சாகவில்லை. செத்திருந்தால்கூட மனசு ஆறியிருக்கும்.

டிராக்குக்கு எடை கம்மியாக இருக்கவேண்டும் என்று பின் சீட்டு, பக்கத்து சீட்டு, கூரைத் துணி, பாட்டுப் பெட்டி எல்லாவற்றையும் கழற்றிப் போட்டோம். டிரைவர் சீட்டு மட்டும்தான் மிச்சம். என் கவலையெல்லாம் பிரேக்கில். அந்த வேகத்தில் பிரேக் போனால், பாய்க்கு இரண்டு பெண்பிள்ளைகள், அவர்கள் முகத்தில் நான் எப்படி முழிப்பேன்?

பிரேக் பைப்பில் காற்று இருந்தால் பெடல் பஞ்சு மாதிரி அமுங்கும். அந்த ஏர் எடுக்க இரண்டு ஆள் வேண்டும். ஒருவர் மேலே உட்கார்ந்து பெடலை மிதிக்க, இன்னொருவர் கீழே படுத்து சக்கரத்துக்குப் பின்னால் இருக்கும் நிப்பிளைத் திறந்து, ஆயிலோடு காற்று பாட்டிலுக்குள் வந்ததும் மூடவேண்டும். ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது, எல்லாம் குரல்தான். கீழே இருக்கும் நான் "மிதி" என்பேன், "புடி" என்பேன், மேலே இருப்பவர் "புடிச்சிக்கினேன்" என்பார், நிப்பிளைத் திறந்து மூடிவிட்டு நான் "வுடு" என்றால்தான் காலை எடுக்கவேண்டும். வேலையில் வாங்க போங்க கிடையாது.

அன்று வெள்ளிக்கிழமை, நல்ல வெயில். பாய் மேலே மிதிக்க, பின் சக்கரம் இரண்டும் முடிந்தது. நான் முன்பக்கம் நகர்ந்து படுத்தேன். பாய் என்னவோ சொன்னார், பக்கத்து வெல்டிங் பட்டறைச் சத்தத்தில் சரியாகக் கேட்கவில்லை. ஏதோ சொல்கிறார் என்று விட்டுவிட்டேன். அதுதான் நான் செய்த தப்பு.

"மிதி" என்றேன். பெடல் கிரீச் கிரீச்சென்று இறங்கி ஏறியது. "புடி" என்றேன்.

"புடிச்சிக்கினேன்."

குரல் கொஞ்சம் கரகரப்பாக இருந்தது, பாய்க்குத் தொண்டை கட்டியிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். நிப்பிளைத் திறந்தேன், கறுப்பு ஆயில் பீய்ச்சி அடித்தது, இத்தனை வருடத்தில் அப்படி ஓர் அழுத்தத்தை நான் பார்த்ததில்லை. எத்தனை தடவை எடுத்தோமோ, அரை மணி நேரத்துக்கு மேல் ஓடிவிட்டது. கடைசியாகத் திறந்து மூடிவிட்டு "வுடு" என்று சொல்ல வாயைத் திறக்கிறேன், கேட்டைத் தள்ளிக்கொண்டு தொப்பியோடு பாய் உள்ளே வருகிறார்.

"இன்னா செல்வம், தொழுதுட்டு வரேன்னு சொல்லிட்டுத்தானே போனேன்? யார வச்சி மிதிச்சிக்கினு இருக்கற?"

அப்படியே உருண்டு வெளியே வந்து பார்த்தேன். சீட்டில் ஆள் இல்லை. பெடல் மட்டும் தரையோடு தரையாக அமுங்கிக் கிடக்கிறது, பின்னால் பிரேக் லைட் இரண்டும் சிவப்பாக எரிகிறது. பாய் கையை விட்டுத் தூக்கிப் பார்த்தார், அசையவில்லை. நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது மெதுவாக மேலே வந்து, இருக்கவேண்டிய இடத்துக்கு ஒரு விரல் கீழே நின்றுவிட்டது.

"ஸ்பிரிங்கு புடிச்சிக்கிச்சிப்பா, மாத்திடு" என்றார் பாய். நான் நிப்பிளில் மாட்டியிருந்த பாட்டிலை உருவிப் பார்த்தேன். அதில் அந்தக் கறுப்பு ஆயில் முக்கால்வாசி இருந்தது. பெடலை மிதிக்காமல் அது வராது, எந்த மெக்கானிக்கை வேண்டுமானாலும் கேளுங்கள்.

ஸ்பிரிங்கை மாற்றினேன், மாஸ்டர் சிலிண்டரையே மாற்றி, "வுடு" என்று சொல்ல வாய் வராமல் தகரத்தைத் தட்டியே நாலு சக்கரத்துக்கும் பாயை வைத்து மறுபடி ஏர் எடுத்தேன், பெடல் அந்த ஒரு விரலுக்கு மேல் வரவில்லை. பெடல் இறங்கியிருந்தால் பிரேக் பிடித்துக்கொண்டிருக்கவேண்டும், சக்கரமோ கை பட்டால் சுற்றுகிறது. மறுநாள் காலை கல்வராயன் மலையில் ஓட்டிப் பார்ப்பதாக ஏற்பாடு. வேண்டாம் என்று சொல்லத் துடித்தேன், காரணம் கேட்டால் என்ன சொல்வது? கச்சிராயபாளையம் தாண்டி அடிவாரத்தில் என்னை இறக்கிவிட்டு, பாய் மட்டும் மேலே போனார். பக்கத்து சீட்டைத்தான் கழற்றிவிட்டோமே, அதுவரைக்கும் நான் பின்னால் வெறும் தகரத்தில் குந்திக்கொண்டு வந்தவன். டீயை வாங்கிவைத்துக்கொண்டு நின்றேன். ஆறி, ஆடை கட்டிவிட்டது, குடிக்கவில்லை.

முக்கால் மணி நேரம் கழித்து இறங்கிவந்த பாயின் முகத்தில் ரத்தமே இல்லை.

"வளைவுல ஹாரனே அடிக்காம பஸ்ஸு வந்துட்டான் செல்வம். அல்லா மேல சத்தியமா சொல்றேன், என் காலு ஆக்ஸிலேட்டர்லதான் இருந்துச்சி. வண்டி தானா நின்னுச்சி."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அப்போதும் அந்தக் குரலைப் பற்றிப் பாயிடம் சொல்லவில்லை.

பாய் டிராக்கில் நாள் முழுக்க ஓட்டிவிட்டுச் சின்னப்பிள்ளை மாதிரி சிரித்துக்கொண்டு வந்தார். அடுத்த மாதம் மறுபடி போகிறார். வண்டி அதற்காக ஷெட்டுக்கு வந்திருக்கிறது. பெடல் இன்னும் அந்த ஒரு விரல் கீழேதான் நிற்கிறது, அது ஏன் என்று எனக்குத் தெரியும். அன்று வாய்வரை வந்த "வுடு" என்ற வார்த்தையை நான் சொல்லவே இல்லையே. சொன்னால் அது காலை எடுத்துவிடும். எடுத்துவிட்டால், டிராக்கில் பாய்க்கு யார்?

நேற்று மதியம் ஆயில் மாற்ற வண்டிக்குக் கீழே படுத்திருந்தேன். ஷெட்டில் வேறு ஆள் இல்லை, இந்த முறை ஒவ்வொரு மூலையாகப் பார்த்துவிட்டுத்தான் படுத்தேன். எத்தனை நாளைக்கு இப்படி, சொல்லித் தொலைத்துவிடலாம் என்று வாயைத் திறந்தேன்.

மேலே காலி சீட்டிலிருந்து, நான் கேட்காமலே, அதே கரகரத்த குரல்.

"புடிச்சிக்கினேன்."

நான் ஒன்றும் சொல்லவில்லை. ஆயிலை மாற்றிவிட்டு வெளியே வந்துவிட்டேன்.