ஞாயிற்றுக்கிழமை நாலரை முதல் ஆறு வரை

வரிசையில் நிற்காமலேயே வரிசையில் நிற்கலாம் என்று என் மகள் சொன்னபோது, "போடி, கதை விடாதே" என்றுதான் சொன்னேன். சபரிமலைக்கு மாலை போட்டுக்கொள்கிறவர்கள் வாயில் 'விர்ச்சுவல் கியூ' என்ற வார்த்தையை நிறையக் கேட்டிருக்கிறேன். சாமி பார்க்க அது சரி. ராட்டினம் ஏறவுமா? அதற்கும்தானாம். ஊரைத் தாண்டி இருக்கும் அந்தக் கேளிக்கைப் பூங்காவுக்குள் நுழைந்ததும் செல்போனில் வேண்டிய ரைடைத் தொட்டு வைத்தால், உன் முறை இத்தனை மணிக்கு என்று ஒரு நேரம் வரும். அதுவரை சாப்பிடலாம், தண்ணீரில் ஆடலாம், மரத்தடியில் தூங்கலாம். சொன்ன நேரத்துக்குப் போனால் நேராக உள்ளே விடுவார்கள். நேரத்தை விட்டால் போச்சு, கால் கடுக்க நிற்கிற பழைய வரிசைதான் கதி.

அவளுக்கு வேண்டியது ஒரே ஒரு ரைட். தண்டவாளத்தில் ஏறி, கவிழ்ந்து, வயிற்றைக் கையில் பிடிக்க வைத்து இறங்கும் பெரிய ரோலர் கோஸ்டர். அதன் வாசலில் ஒரு கரடிப் பொம்மை கையை நீட்டிக்கொண்டு நிற்கும். அந்தக் கைக்குக் கீழே தலை நுழைந்தால் உள்ளே விடமாட்டார்கள். மூன்று வருஷம் அந்தக் கரடி என் பெண்ணைத் திருப்பி அனுப்பியது. கூட வந்த பிள்ளைகள் எல்லாம் ஏறி இறங்கிக் கும்மாளம் போடும்போது இவள் என் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்து, "எனக்கொண்ணும் இஷ்டமில்லை" என்பாள்.  இந்த வருஷம் உள்ளே போனதும் முதலில் கரடியிடம்தான் ஓடினாள். கை அவள் நெற்றியில் இடித்தது. அவள் போட்ட சத்தத்தில் நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

பெரியவர் ஒருவர் கூட ஏற வேண்டும் என்பது சட்டம். என் கணவருக்கு அன்றைக்கும் ஆபீஸ். நான் ஏறுகிறேன் என்று சொல்லியிருந்தேன். எங்களோடு வந்த மூன்றாவது ஆள் என் நாத்தனார், அவருடைய அக்கா.

அக்காவைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். இன்சூரன்ஸ் ஆபீஸில் வேலை பார்த்து ஓய்வு பெறப் போகிறவள், ஐம்பத்தெட்டு வயது. செல்போனில் என்னைவிடக் கெட்டிக்காரி. வீட்டுக் கரண்ட் பில், ரயில் டிக்கெட் எல்லாம் அவள் கைதான். அவள் கணவர், எங்கள் அத்திம்பேர், காலமான பிறகு திருவனந்தபுரம் வலியசாலையில் எங்களோடுதான் இருக்கிறாள். அத்திம்பேருக்கு நாகர்கோவிலில் வேலை. ஒவ்வொரு ஞாயிறும் சாயங்காலம் பஸ் ஏறுவார். அந்தக் கடைசி ஞாயிறு ஐந்து மணிக்குப் பையைத் தூக்கினாராம். "ராகு காலம், ஆறு மணிக்கு மேலே கெளம்புங்கோ" என்று இவள் சொல்லியிருக்கிறாள். "பஸ்காரன் பஞ்சாங்கம் பாத்தா வண்டி எடுக்கறான்?" என்று சிரித்துவிட்டுப் போனவர் பஸ்ஸிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்துவிட்டார். "ஒரு மணி நேரம் பிடிச்சு நிறுத்தியிருந்தா இருந்திருப்பார்" என்று இன்றைக்கும் சொல்லுவாள். அதிலிருந்து எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை நாலரை முதல் ஆறு வரை யாரும் வாசல்படி தாண்டுவதில்லை. புது சோப்பு உறைகூடப் பிரிப்பதில்லை. எனக்கு அதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. ஆனால் அக்காவிடம் அதைச் சொல்ல எந்த வாய் வரும்?

இப்போது விதியைப் பாருங்கள். செல்போனில் எங்களுக்கு விழுந்த நேரம் நாலு நாற்பது!

நானும் மகளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அத்தையிடம் மூச்சு விடக்கூடாது என்று கண்ணாலேயே பேசி முடித்துவிட்டோம். சாயங்காலம் அவளை ஒரு காபிக் கடையில் உட்கார வைத்துவிட்டு ஓடிவிடலாம் என்பது திட்டம். மத்தியானம் அலைக்குளத்தில் இறங்கப் போனபோது செல்போனை யாரிடமாவது கொடுக்க வேண்டுமே, அக்காவிடம் கொடுத்தேன். அங்கேதான் மாட்டிக்கொண்டோம். நாங்கள் தண்ணீரில் குதித்துக்கொண்டிருந்த நேரத்தில், 'உங்கள் முறை 4.40' என்று செல்போன் தானாக நினைவுபடுத்தியிருக்கிறது.

ஈரத் தலையைத் துவட்டிக்கொண்டு வந்தோம். அக்கா செல்போனை நீட்டாமல் மடியிலேயே வைத்திருந்தாள். முகம் வெளுத்திருந்தது.

"நாலு நாப்பதுன்னு வந்துது. கவனிச்சியோ? ராகு காலமாச்சே. மாத்திடலாமேன்னு பாத்தேன். நாலு பத்துக்கு எடம் காமிச்சுது. பழசை கேன்சல் பண்ணினாதான் புதுசு எடுக்கலாம்னுது. பண்ணினேன். அதுக்குள்ள நாலு பத்தும் போயிடுத்து."

எனக்கு முதலில் புரியவே இல்லை. செல்போனைப் பிடுங்கிப் பார்த்தேன். 'இன்றைய இடங்கள் முடிந்தன' என்று சிவப்பாக இருந்தது. மேலே தள்ளினேன், கீழே தள்ளினேன், மூடித் திறந்தேன். சிவப்பு மாறவில்லை. உள்ளங்காலிலிருந்து சூடு ஏறியது.

"என்ன காரியம் பண்ணிட்டேள் அக்கா! மூணு வருஷமா அந்தக் குழந்தை காத்திண்டிருக்கு. ஒங்களை யார் இதிலே கை வைக்கச் சொன்னா? ஒங்க ராகு காலத்தை ஒங்களோட வச்சுக்கக் கூடாதா?"

சுற்றிலும் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டுமே என்று இருந்தது. அக்கா பதிலுக்குச் சத்தம் போடவில்லை.

"ராகு காலத்துக்காக மட்டும் இல்லேடீ. நாலரை வரைக்கும் குளிகை. குளிகைலே செஞ்ச காரியம் திரும்பத் திரும்ப நடக்கும். மூணு தடவை திரும்பி வந்த குழந்தை. இனிமே வருஷா வருஷம் ஏறிண்டே இருக்கட்டும்னு நெனச்சேன்."

அடக் கடவுளே! ரோலர் கோஸ்டருக்குக் குளிகை பார்த்த ஜீவன் இந்த உலகத்தில் வேறு யாராவது உண்டா? சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. 

மகள் அழுவாள், கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். அவளோ நேராகப் போய்க் கரடியின் கைக்கடியில் மறுபடியும் நின்று பார்த்தாள், உயரம் இன்னும் இருக்கிறதா என்று சரிபார்ப்பவளைப் போல. அங்கேயே போய் அவள் கையைப் பிடித்தேன். "வா, சாதா வரிசையிலே நிப்போம்" என்றேன்.

பழைய வரிசை என்றால் சாதாரண வரிசையா அது! தகரக் கூரைக்கு அடியில் இரும்புக் கம்பிகளுக்கு நடுவே வளைந்து வளைந்து, போன இடத்துக்கே திரும்பி வந்து, மறுபடி போகிறது. பக்கத்துப் பாதையில் நேரம் வாங்கியவர்கள் ஐஸ்கிரீமை நக்கிக்கொண்டு ஒய்யாரமாக உள்ளே போனார்கள். ஒவ்வொருவர் போகும்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கூரை விளிம்புக்கு அப்பால் உயரத்தில் வண்டி இரைச்சலோடு கவிழ்ந்து போக, அதில் இருப்பவர்கள் அலற, அண்ணாந்து பார்த்துப் பார்த்து எனக்குத் தலை கிறுகிறுத்தது.

"நீங்க போய் ஒக்காருங்கோக்கா" என்றேன். அவள் போகவில்லை. எங்களுக்குப் பின்னால் நின்றாள், ஒரு நாரங்கா வெள்ளம், எலுமிச்சை ஜூஸ்கூட வாங்கிக் குடிக்காமல். நாலரை ஆனபோது கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். வரிசையின் நீளத்தையும் பார்த்தாள். அவள் முகத்தில் ஒரு நிம்மதி வந்தது. "கொழப்பம் இல்லே, கவலைப்படாதே. நம்ம முறை வர ஆறு ஆயிடும்" என்றாள். வரிசை நீளமாக இருக்கிறதே என்று சந்தோஷப்பட்ட ஒரே ஆள் அந்தப் பூங்காவில் அவள்தான்.

அப்போது மழை வந்தது. திருவனந்தபுரத்து மழைக்கு முன்னறிவிப்பெல்லாம் கிடையாது. சடசடவென்று கொட்டியதும் வண்டியை நிறுத்திவிட்டார்கள். இனிமேல் ஓடாது என்று முன்னால் நின்ற கல்லூரிப் பையன்கள் கூட்டமாகக் கிளம்பினார்கள். கைக்குழந்தைக்காரர்கள் போனார்கள். கம்பிக்கு நடுவே நாங்கள் முன்னேறிக்கொண்டே போனோம். மழை நின்று, வண்டி மறுபடி ஓட ஆரம்பித்தபோது வாசல் எங்களுக்கு எதிரே இருந்தது. மகள் என் கையை இறுக்கிப் பிடித்தாள். அவள் கை ஜில்லென்று இருந்தது.

ஆட்களை ஏற்றிவிடும் வேலையில் அங்கே நின்ற பெண், கதவைப் பிடித்துக்கொண்டு, "சேச்சி, இது லாஸ்ட் ட்ரிப்பாணு. இனியும் மழ வரும்" என்றாள். பிறகு என்னை உற்றுப் பார்த்தாள். நான் கம்பியைப் பிடித்துக்கொண்டுதான் நின்றிருந்தேன். தரை லேசாகச் சாய்ந்தது. தலை சுற்றுகிறதா என்று கேட்டாள். இல்லை என்று வேகமாகத் தலையை ஆட்டினேன். ஆட்டியதே தப்பு. உட்கார்ந்துவிட்டேன்.

"சேச்சி கேறண்ட", நீங்கள் ஏற வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். குழந்தையைத் தனியாக விடவும் முடியாதாம். எவ்வளவு கெஞ்சினேன்! எனக்கு ஒன்றுமில்லை, அண்ணாந்து பார்த்ததுதான் காரணம் என்றேன். அவள் அசையவில்லை. என் மகள் என்னைப் பார்த்தாள். பிறகு வண்டியைப் பார்த்தாள். "சாரமில்லம்மா, பரவாயில்லை. எனக்கொண்ணும் இஷ்டமில்லை" என்றாள். அதே வார்த்தை, நாலாவது வருஷமாக.

என் தோளில் ஏதோ தட்டியது. திரும்பினேன். அக்கா கைக்கடிகாரத்தைக் கழற்றி நீட்டிக்கொண்டிருந்தாள். "இதைப் பிடி" என்றாள். மூக்குக் கண்ணாடியையும் கழற்றிக் கொடுத்தாள். புடவைத் தலைப்பை இடுப்பில் இழுத்துச் செருகினாள். அந்தப் பெண்ணிடம் நல்ல மலையாளத்தில், வயது ஐம்பத்தெட்டு, பிரஷர் இல்லை, சுகர் இல்லை, குழந்தையின் அத்தை என்று ஆபீஸில் விவரம் சொல்வது மாதிரி சொன்னாள்.

"அக்கா, மணி..." என்றேன். என் கையில் இருந்த கடிகாரம் ஐந்தே கால் காட்டியது.

"தெரியும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

 ஞாயிற்றுக்கிழமை ஐந்தே காலுக்கு இந்த மனுஷி வாசலுக்குக் கோலப்பொடி எடுக்கக்கூட மாட்டாளே! அவள் மேல் கம்பி இறங்கிப் பூட்டிக்கொண்டது. பக்கத்தில் என் மகள் வாயெல்லாம் பல்லாக உட்கார்ந்திருந்தாள். அக்கா கண்ணை மூடவில்லை. வண்டி கடகடவென்று உச்சிக்கு ஏறி ஒரு கணம் நின்றபோது என் வாயில் ஸ்லோகமும் வரவில்லை, ஒன்றும் வரவில்லை. ராகு காலத்தை நம்பாத நான் கடிகாரத்தை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டேன். வண்டி விழுந்தது. அலறல்களில் எது அவளுடையது என்று தெரியவில்லை.

மகள்தான் முதலில் படி இறங்கி ஓடி வந்தாள். "அம்மா! அடிபொளி! அத்தை கையை விட்டுட்டு மேலே தூக்கினா, பாத்தியா? ரெண்டு கையும்!" என்று குதித்தாள். அவளைக் கட்டிக்கொண்டேன். மழை ஈரமும் வேர்வையுமாக மணத்தாள்.

அக்கா மெதுவாக வந்தாள். கொண்டை அவிழ்ந்து முடி தோளில் கிடந்தது. அவளை அப்படி நான் பார்த்ததில்லை. பெஞ்சில் உட்கார்ந்து மூச்சு வாங்கினாள்.

"மணி என்ன?"

"அஞ்சரைகூட ஆகலை அக்கா" என்று கடிகாரத்தை நீட்டினேன்.

அவள் தன் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். நெஞ்சில் கையை வைத்துப் பார்த்தாள். குதித்துக்கொண்டிருந்த குழந்தையைப் பார்த்தாள்.

"ஒண்ணும் ஆகலையேடீ" என்றாள்.

நான் சிரித்தேன். "பின்னே? என்ன ஆகும்?"

அவள் சிரிக்கவில்லை. என் முகத்தையே பார்த்தாள்.

"அப்போ அவர் ஏன்டீ போனார்?"

நீட்டிய கை நீட்டியபடி நின்றேன். அவள் கடிகாரத்தை வாங்கிக்கொள்ளவில்லை.