ஆகாத ஊசி

பஞ்சம்மாள் ஓடிப்போனவளாம். சாயல்குடிப் பக்கம் இன்னமும் இதே பேச்சு. ஓடிப்போகிறவள் பட்டப்பகலில், நடக்கமாட்டாத பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு, ஊரே பார்க்கவா போவாள்? அந்தப் பிள்ளை மலையாண்டி இன்றைக்கு பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்து செல்போன் ரிப்பேர் பார்க்கிறான். பேசுகிற வாயெல்லாம் போன் கெட்டால் அவனிடம்தான் போய் நிற்கிறது.

சொந்த அத்தை மகன் கூத்தையாவைத்தான் அவள் கட்டினாள். பெற்றது இரண்டு ஆண்பிள்ளை. இரண்டுக்கும் தொடையில் பலமில்லை. தரையிலிருந்து எழ, தன் காலிலேயே கையூன்றி ஏற வேண்டும். மூத்தவனைக் குடலிறக்கத்துக்கு ஆபரேஷன் மேசையில் படுக்கவைத்தார்கள். ஊசி போட்டதும் நெஞ்சு நின்றது, கத்தியே வைக்கவில்லை. காய்ச்சலில் போனான் என்று ஊருக்குச் சொன்னார்கள். சொந்தத்துக்குள்ளேயே பெண் கொடுத்து எடுக்கிற வீடு. பிள்ளைகளுக்கு நோய் என்று தெரிந்தால் யார் வாசல் மிதிப்பார்கள்?

பிறகு இளையவனுக்கும் குடல் இறங்கியது. ராமநாதபுரத்தில் மயக்க மருந்து டாக்டர் கேட்டார்: "வீட்ல யாருக்காச்சும் மயக்க ஊசியில எதுவும் ஆயிருக்கா?"

"யாருக்கும் இல்லைங்கய்யா," என்று மாமியார் கருத்தம்மாள் முந்திக்கொண்டாள்.

"இவனுக்கு மூத்தவன் அந்த ஊசியிலதான் போனான்," என்றாள் பஞ்சம்மாள்.

டாக்டர் பையனின் தொடையை அமுக்கிப் பார்த்தார். "பிறவியிலயே வர்ற நோய் மாதிரி இருக்கும்மா. சதையில சர்க்கரை கரையாமத் தேங்கிக்கிடக்கும். சதையைத் தளர்த்த நாங்க போடுற ஊசியில ஒண்ணு இவனுக்கு ஆகாது. சதை உடைஞ்சு, அதுல உள்ள உப்பு ரத்தத்துல ஏறி நெஞ்சை நிறுத்திரும். வேற மருந்து இருக்கு. அதையும் கொஞ்சமா, மூச்சு மிஷினைப் பக்கத்துல வச்சுக்கிட்டுப் போடணும். மதுரைக்குக் கொண்டுபோங்க."

சேதி அவர்களுக்கு முன்னால் ஊர் வந்து சேர்ந்தது. பஞ்சம்மாளின் நாத்தனாருக்குப் பரிசம் போட இருந்தவர்கள் தயங்கினார்கள்.

"நீ சொன்னது பொய்னு அவுக முன்னால சொல்லு," என்றாள் கருத்தம்மாள். "மதுரையும் வேணாம். இங்கனயே பாத்துக்கிரலாம்."

"பொய்னு சொன்னா நாளைக்கு அதே ஊசியப் போடுவாக அத்தை."

"எம்மக வாழ்க்கை?"

"எம்மகன் உசுரு."

கூத்தையா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கொல்லைப்பக்கம் போனான்.

"வாசலைத் தாண்டுன, திரும்ப வராத," என்றாள் கருத்தம்மாள்.

"ஒருத்தனைப் பொய் சொல்லிப் புதைச்ச வீடு. இதுக்குள்ள திரும்ப வந்து நான் என்ன செய்ய?"

மலையாண்டியை இடுப்பில் ஏற்றிக்கொண்டு பஞ்சம்மாள் தெருவில் இறங்கினாள். எதிர்வீட்டுப் பிச்சையம்மாள் கதவுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"ஏத்தா பஞ்சம், எங்கன கிளம்பிட்ட?"

"மதுரைக்கு! எம்பிள்ளைக்கு ஆகாத ஊசி இன்னதுன்னு சொல்லப் போறேன். நீயும் நாலு வீட்ல சத்தமாச் சொல்லு!"