கண்ணாடிக் கதவுக்கு இந்தப் பக்கம்

எஸ்.டி.டி. பூத்தில் உட்காருவது என்பது, ஊரார் பேச்சையெல்லாம் கேட்டுவிட்டு ஒன்றுமே காதில் விழாதது போல மீட்டரின் சிவப்பு எண்களைப் பார்த்துக்கொண்டிருக்கும் வேலை. தொண்ணூறுகளில் நீங்களும் ஒரு மஞ்சள் போர்டுக்குக் கீழே உட்கார்ந்திருந்தால் என் கஷ்டம் உங்களுக்குப் புரியும். மழை பெய்து லைன் செத்தால் நாம்தான் திட்டு வாங்குவோம். டெல்லிக்காரர் வீட்டில் இல்லை என்றாலும் நாம்தான் வாங்குவோம்.

ராஜபாளையம் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் அண்ணன் எடுத்த பூத் அது. நான் எட்டாவதோடு நின்று, மில்லில் நூல் சுற்றும் கோன் வைண்டிங்கில் வேலை பார்த்தவள். பஞ்சுத் தூசியில் இருமல் பிடித்து வேலையை விட்டேன். கல்யாணம் ஆகவில்லை. அதனால் சும்மா இருக்கிறாள் என்று அண்ணன் என்னைக் கொண்டுவந்து ஸ்டூலில் உட்கார வைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை வருகிறவள்

வீட்டில் போன் இல்லாதவர்கள் அப்போதெல்லாம் பூத் நம்பரையே தங்கள் நம்பராகக் கொடுத்துவிடுவார்கள். பட்டாளத்தில் இருக்கும் புருஷன் சொன்ன நேரத்துக்குக் கூப்பிடுவார். மனைவி முன்னாடியே வந்து காத்திருப்பாள். பாக்கியம் அப்படித்தான் வந்தாள், வத்திராயிருப்பிலிருந்து, ஸ்ரீவில்லிபுத்தூரில் பஸ் மாறி.

அவள் எனக்குப் புதியவள் இல்லை. எண்பதுகளில் மில்லில் எனக்கு அடுத்த மெஷினில் நின்றவள். ஒரே டிபன் பாக்ஸில் சாப்பிட்டோம். அவளுக்கு நான் தலை பின்னிவிடுவேன். அவளுக்குக் கல்யாணம் நிச்சயமானபோது எனக்குக் காய்ச்சல் வந்து படுத்துவிட்டேன். என்ன காய்ச்சல் என்று டாக்டருக்கும் தெரியவில்லை. கூட வேலை பார்த்த பெண்கள் தங்கள் தங்கள் மாப்பிள்ளையை நினைத்து ஏங்கியது போலத்தான் நான் இவளை நினைத்து ஏங்கினேன். உலகத்தில் இப்படி ஒரு கோணல் பிறவி நான் மட்டும்தான் என்று நினைத்து, யாரிடமும் மூச்சு விடவில்லை. அவளிடமும்தான்.

பதினோரு மணிக்கு வரும் போனுக்கு அவள் வெயில் ஏறுமுன்பே வந்து, என் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டுக்கொள்வாள். போன் வந்ததும் கேபினுக்குள் போய், "சரி, சரி" என்று தலையாட்டுவாள். கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருப்பேன். சிரித்தால் எனக்கு வயிறு எரியும். சிரிக்காவிட்டால் என்ன சண்டையோ என்று கவலை வந்துவிடும். ஒரு தரம் பேசி முடித்து வெளியே வந்தவள், என் மணிக்கட்டைப் பிடித்துத் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "அவிய நல்லாத்தான் இருக்காவ. நீ என்னட்டி இப்படி மெலிஞ்சு கெடக்க?"

மெதுவாகப் பேசுகிறவன்

மம்சாபுரத்து முருகேசன் ஸ்ரீவில்லிபுத்தூரில் டெய்லர். அங்கே தெரிந்த முகங்கள் அதிகம் என்று பஸ் ஏறி என் பூத்துக்கு வருவான். பெயர் சொல்லாமல் மனசு விட்டுப் பேசலாம் என்று ஏதோ பத்திரிகையில் போட்டிருந்த சென்னை நம்பர். அவன் எழுதி வந்த சீட்டைப் பார்த்து நான்தான் டயல் பண்ணிக் கொடுத்தேன். கதவைச் சாத்தினால் வெளியே கேட்குமா என்று கேட்டான். கேட்கும், மெதுவாகப் பேசு என்றேன். அவன் பேசிய மெதுவில் சென்னைக்கே கேட்கவில்லை. தனக்கு ஆம்பளைகள் மேல்தான் ஆசை வருகிறது என்பதை அந்தப் பிள்ளை திரும்பத் திரும்ப, ஒவ்வொரு தரமும் கொஞ்சம் சத்தம் கூட்டிச் சொல்ல வேண்டியதாயிற்று. கடைசித் தடவை எனக்குத் தெளிவாகவே கேட்டது. வெளியே பெஞ்சில் ஆட்கள் இருந்தார்கள். பதறிப்போய் ரேடியோவைத் திருகினேன். பருத்திக்கு எப்போது மருந்தடிக்க வேண்டும் என்று யாரோ விளக்கிக்கொண்டிருந்தார். முருகேசனைக் காப்பாற்றியது அந்தப் பருத்திதான்.

என்னால் ஸ்டூலில் உட்கார முடியவில்லை. அப்படியானால் இது எனக்கு மட்டும் இல்லையா? அவன் வெளியே வந்தபோது, முகம் கழுவி வந்தது போல இருந்தான். ரேடியோவைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். பிறகு, நான் கேட்காமலே சொன்னான்: "இது நோயில்லையாம்க்கா. என்னய மாதிரி நெறையப் பேரு இருக்காவளாம்."

சேத்தூர் பெரியவர்

நம்பர் எங்கேஜாக இருந்தால், கடைசி நம்பரையே திரும்பப் போடும் ரீடயல் பட்டனை அழுத்துவது நம்மைப் போன்றவர்களின் கைப்பழக்கம். ஒரு நாள் சேத்தூர்ப் பெரியவர் ஒருவர் மதுரையில் இருக்கும் மகளிடம் பேச வந்தார். எங்கேஜ். செத்த நேரம் உட்காருங்க என்று சொல்லி, நடுவில் முருகேசனை உள்ளே விட்டேன். அவன் பேசிவிட்டுப் போனதும் பெரியவரை அனுப்பி, பழக்க தோஷத்தில் ரீடயலை அழுத்திக் கையில் கொடுத்துவிட்டு வந்தேன். போனது மதுரைக்கு இல்லை, சென்னைக்கு.

எடுத்தவர் மகள் வீட்டு ஆள்தான் என்று நினைத்துப் பெரியவர் பேச ஆரம்பித்தார். மனைவி செத்த பிறகு சோறு இறங்கவில்லை என்பது வரை சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மீட்டரில் சென்னை நம்பர் ஓடுவதைப் பார்த்த பிறகுதான் எனக்கு விஷயம் புரிந்தது. வெளியே வந்தவர் திருப்தியாகத் துண்டை உதறித் தோளில் போட்டார். "பேருகூடக் கேக்காம எம்புட்டுப் பொறுமையாக் கேக்குதான். எம் மக வீட்டுல யாரு தாயி அந்தப் பையன்?"

லைன் டெஸ்ட்

அந்தப் பெரியவருக்கே இடம் இருந்தால் எனக்கு இருக்காதா? ஒரு மத்தியான நேரம், ஆள் இல்லாதபோது, பில் நகலில் இருந்த அந்தச் சென்னை நம்பரோடு நானே கேபினுக்குள் போய்க் கதவைச் சாத்தினேன். இத்தனை வருஷத்தில் அதற்குள் இவ்வளவு புழுங்கும் என்று எனக்குத் தெரியாது. பொம்பளைகளும் பேசலாமா என்று கேட்டேன். ஒரு பெண்ணிடம் கொடுத்தார்கள். பாக்கியத்தின் பெயரைச் சொல்லாமல் பாக்கியத்தைப் பற்றி எல்லாம் சொன்னேன். அந்தப் பெண் அவசரப்படவே இல்லை. இது கோளாறு இல்லை, நாங்கள் பெண்கள் தனியாகக் கூடிப் பேசுகிறோம், எப்போது வேண்டுமானாலும் கூப்பிடுங்கள் என்றாள். எங்கள் ஊரில் அப்படி யாரும் இல்லையே என்றேன். நீங்கள் இருக்கும்போது இன்னொருத்தர் இருக்க மாட்டாரா என்று சிரித்தாள்.

வெளியே வந்தால் சோற்றுத் தூக்குடன் மதினி நிற்கிறாள். யாரிடம் பேசினாய் என்றாள். யாரிடமும் இல்லை, லைன் டெஸ்ட் பண்ணினேன் என்றேன். தூக்கை மேசையில் வைத்துவிட்டு என் முகத்தையே பார்த்தாள். "லைனை டெஸ்ட் பண்ணுனா கண்ணு ஏன் இப்படிச் செவக்குது?"

பழகிய விரல்

அதற்குப் பிறகும் பல மத்தியானம் லைன் டெஸ்ட் நடந்தது. அடுத்த தரம் முருகேசன் வந்தபோது பெஞ்ச் நிறையக் கூட்டம். அவசரத்தில் அவனை உள்ளே தள்ளி, கடகடவென்று எண்களை அழுத்தி ரிசீவரை நீட்டினேன். அவன் வாங்கவில்லை. சட்டைப் பையிலிருந்து எடுக்கப்போன சீட்டு இன்னும் பையிலேயே இருந்தது. ஆயிரம் நம்பர் வந்து போகிற பூத்தில் எவன் நம்பரும் நமக்கு மனப்பாடம் ஆவதில்லை என்பது உங்களுக்கும் தெரியும். அவனும் அதை யோசித்தான் போல. "நான் சொல்லாமலே டயல் பண்ணுதீங்களேக்கா" என்றான்.

பேசி முடித்துக் காசு கொடுத்தான். போகும்போது, நம்மைப் போன்றவர்கள் மதுரையில் ஒரு வீட்டில் மாதம் ஒரு நாள் கூடுகிறார்கள், நான் போய்வந்துவிட்டேன், பெண்களும் வருகிறார்கள் என்றான். நான் மீட்டரையே பார்த்துக்கொண்டிருந்தேன். படி இறங்கியவன் திரும்பி வந்து சொன்னான்: "தனியா வரப் பயமா இருந்தா, கூட ஒராளக் கூட்டிட்டு வாங்க."

வத்திராயிருப்பில் பூத்

கூட்டிப்போக எனக்கு இருந்தது ஒரே ஆள். அவளிடம் எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டிருந்தபோதுதான், வத்திராயிருப்பு பஸ் ஸ்டாப்பிலேயே புது பூத் திறந்துவிட்டார்கள் என்று ஒரு கண்டக்டர் சொன்னார். அவள் இனி இரண்டு பஸ் ஏறி எதற்கு வர வேண்டும்? அந்த வாரம் முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை வழக்கமாக வரும் பஸ்ஸில் அவள் இல்லை. பதினோரு மணிக்கு போனும் அடிக்கவில்லை. அவ்வளவுதான் என்று நினைத்தேன்.

பிறகு வந்தாள், பஸ் கிடைக்கவில்லை என்று வியர்வையைத் துடைத்துக்கொண்டு. பக்கத்தில் உட்கார்ந்தாள். இன்று விட்டால் இனி இல்லை என்ற பயத்தில், அவள் முகத்தைப் பார்க்காமல், மீட்டரிடம் சொல்வது போல எல்லாவற்றையும் சொன்னேன். மில்லில் இருந்த நாளிலிருந்தே எனக்கு அவள்தான் என்பது, அந்தக் காய்ச்சல், சென்னைப் பெண், மதுரை வீடு. அவள் முந்தானையை விரலில் சுற்றினாள். எழுந்து போய்விடுவாள் என்று தோன்றியது. அதற்குள் நானே முந்திக்கொண்டு, பதினோரு மணி தாண்டிவிட்டதே, உன் வீட்டுக்காரர் இன்னும் கூப்பிடவில்லையே என்று உளறினேன். பாக்கியம் ஸ்டூலை என் பக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டாள். "அவியகிட்ட நேத்தே எங்க ஊர் பூத்துல பேசிட்டேன்ட்டி. இங்க போன் பேசவா வாரேன்?"

பூத் நடத்தி நான் கண்டது இதுதான்: சென்னைக்கு ஒரு பட்டனில் லைன் கிடைத்துவிடுகிறது, பக்கத்து ஸ்டூலுக்குத்தான் பாதி ஆயுசு ஆகிறது.