கப்பல் கதையில் வந்த ரயில்

என் தம்பிகள் இரட்டையர்கள். மூக்கு, முடி, முன்கோபம் எல்லாம் அச்சு அசலாக ஒன்று. சற்று முந்திப் பிறந்ததால் ஒருவன் பெரியவன், மற்றவன் சின்னவன். "பத்து நிமிஷத்துக்கெல்லாம் அண்ணான்னு கூப்பிடணுமா?" என்று கேட்டே சின்னவன் வளர்ந்தான். சில வருஷங்களாக அவர்களுக்குள் பேச்சு வார்த்தை இல்லை. ஒருவன் டீக்கடைக்குள் நுழைந்தால் மற்றவன் டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போய்விடுவான்.

அப்பா இறந்தபோது பெரியவன் கடைக்கு ஜரிகை வாங்க சூரத் போயிருந்தான். சேதி கேட்டு ரயிலேறினான். மறுநாள் சாயங்காலம் வரை வைத்திருந்தோம். வண்டி வந்தபாடில்லை. பொழுது போவதற்குள் எடுக்க வேண்டும் என்று தெருக்காரர்கள் நெருக்கியதில் சின்னவன் கொள்ளி வைத்தான். எங்களில் அப்பாவுக்குக் கொள்ளி வைப்பது மூத்தவன்தான். இருட்டிய பிறகு வந்து சேர்ந்த பெரியவன், தம்பியின் முகத்தைப் பார்க்கவே இல்லை. சின்னவனும் போய்ச் சமாதானம் சொல்லவில்லை. வறட்டுப் பிடிவாதம் ஒன்றைத்தான் இருவரும் சண்டையில்லாமல் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டார்கள்.

வருகிற ஆவணியில் என் மகளுக்குக் கல்யாணம். தாய்மாமன்கள் இருவரும் சேர்ந்து நின்று மாலை போட வேண்டும். தனித்தனியாகப் போய் அழைத்தபோது, "அவன் வந்தா நா வர மாட்டேங்க்கா" என்று இரண்டு பேரும் ஒரே வாக்கியத்தை ஒரே குரலில் சொன்னார்கள். இரண்டு முதுகிலும் துடைப்பத்தால் நாலு போடலாமா என்றிருந்தது. வீட்டுக்கு வந்து அழுதேன்.

இந்தச் சமயத்தில்தான் எங்கள் நாடகக் குழு கோடைக்கு நாடகம் தேடியது. குழு என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. வங்கியில் கேஷியராக இருக்கும் டைரக்டர், பியூட்டி பார்லர் நடத்தும் ஒரு பெண், நாலைந்து கல்லூரிப் பிள்ளைகள், அப்புறம் நான். வசனம் மறந்தவர்களுக்குத் திரைக்குப் பின்னால் இருந்து எடுத்துக் கொடுப்பது என் வேலை. ஒரு பழைய இங்கிலீஷ் நகைச்சுவை நாடகத்தை டைரக்டர் தமிழாக்கி வைத்திருந்தார். சீமையில் கோடை வந்தால் அதைத் திறந்தவெளியில்தான் ஆடுவார்களாம். கப்பல் உடைந்து பிரிந்துபோன இரட்டைச் சகோதரர்கள் தெரியாமல் ஒரே ஊருக்கு வந்து சேர்கிறார்கள். ஊரே ஆள் மாற்றிப் பேசிக் குழம்புகிறது. கடைசிக் காட்சியில்தான் இருவரும் நேருக்கு நேர் நிற்கிறார்கள்.

டைரக்டர் வெளியூர்க்காரர். எங்கள் வீட்டுச் சண்டை தெரியாது. என் தம்பிகளைக் கண்டதும் அவருக்குத் தலைகால் புரியவில்லை. ஆச்சரியம், இருவருமே ஒப்புக்கொண்டார்கள். நடிப்பு ஆசை யாரை விட்டது? "ஒத்திகையில அவன் மூஞ்சில முழிக்க மாட்டேன் சார்" என்பது மட்டும் நிபந்தனை. அதனால் ஆளுக்கொரு நாள் ஒத்திகை. கடைசிக் காட்சிக்கு எதிராளியாக டைரக்டரே நின்று சமாளித்தார். நான் வாயைத் திறக்கவில்லை. மேடையிலாவது இரண்டு பேரும் பேசிக்கொள்வார்களே என்ற நப்பாசைதான்.

எங்கள் தெருவில் காலையில் பாவு விரித்துப் பட்டு நூலை நீளமாக இழுத்துக் கட்டுவார்கள். வெயில் தாழ்ந்த பிறகு தெரு காலி. நாடகம் அங்கேதான். இரண்டு பக்கமும் ஜனங்கள் பாய் போட்டு உட்கார்ந்து, மோர் குடித்துக்கொண்டு, விசிறிக்கொண்டு பார்த்தார்கள். பார்லர் பெண் ஆள் தெரியாமல் சின்னவனைக் காதலித்து, பெரியவனை அறைந்தபோது தெருவே விழுந்து விழுந்து சிரித்தது.

கடைசிக் காட்சி வந்தது. இறகு வைத்த தொப்பியோடு இருவரும் எதிரெதிரே நின்றார்கள். அவ்வளவு கிட்டத்தில் அவர்கள் நின்று எத்தனை நாளாயிற்று.

"உன் தந்தையின் பெயர் என்ன?" என்று பெரியவன் வசனப்படி கேட்டான்.

நாடகத்தில் அந்த அப்பாவுக்கு வாயில் நுழையாத ஒரு பெயர். சின்னவன் திருதிருவென்று விழித்தான். நான் எடுத்துக் கொடுப்பதற்குள் எங்கள் அப்பாவின் பெயரைச் சொல்லிவிட்டான்.

சிரித்துக்கொண்டிருந்த தெருவில் விசிறிகள் அப்படியே நின்றன. அங்கிருந்த பாதிப் பேர் அப்பாவைச் சுமந்தவர்கள். பெரியவன் தொப்பியை வீசிவிட்டுப் போய்விடுவான், கல்யாணத்துக்கும் இனி எந்தக் காலத்திலும் வரமாட்டான் என்றே நினைத்தேன். "என் தந்தையும் அவரே" என்று அடுத்த வசனத்தை எடுத்துக் கொடுத்தேன். அவன் காதில் வாங்கவில்லை.

"கொஞ்ச நேரம் பொறுத்திருக்கலாம் இல்ல?" என்றான்.

அது நாடகத்தில் இல்லை. சின்னவன் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான்.

"வாசலையே பாத்துக்கினு இருந்தேன்ணா. பொழுது போயிடுச்சுன்னு எடுத்துட்டாங்க. நா இன்னா பண்றது?"

அவன் அண்ணா என்று கூப்பிட்டு அன்றுதான் கேட்டேன்.

பெரியவனும் தொப்பியைக் கழற்றினான். "ரயில் லேட்டுடா" என்றான். "ரொம்ப லேட்டு."

டைரக்டர் பதறியடித்துக்கொண்டு என்னிடம் ஓடி வந்தார். "கப்பல்க்கா. ரயில் இல்ல. கப்பல்னு எடுத்துக் குடுங்க."

"ரயில்தான் சார்" என்றேன்.