மலைக்குப் போய்வந்த அசேலியா

கார்த்திகை மாதத்தில் என் கணவர் டார்ஜிலிங்கிலிருந்து இறங்கி வந்தபோது, பெட்டி படுக்கையையெல்லாம் வண்டிக்காரனிடம் விட்டுவிட்டு, பாசியும் கோணியும் சுற்றிய ஒரு குச்சியை மட்டும் மார்போடு அணைத்துக்கொண்டு படியேறினார். எங்களுக்குக் கல்யாணமாகி நான் கல்கத்தாவுக்கு வந்து ஒரு வருஷம்கூட முழுதாக ஆகவில்லை. அவருடைய சர்க்கார் ஆபீஸ் கோடையில் மலைக்குப் போய்விடும். குளிர் தொடங்கியதும் கீழே வரும். ஆபீஸ் போனால் குமாஸ்தாக்களும் போக வேண்டும். அத்தனை மாதம் கழித்து வந்த மனுஷர் என் முகத்தைப் பார்க்குமுன் குச்சிக்கு இடம் தேடினார்.

"என்ன இது, விறகா?" என்றேன்.

"விறகா! ஒரு துரை வீட்டுத் தோட்டத்துல இது பூத்திருந்தது. ரோட்டுல போறவா எல்லாம் நின்னுட்டா. இலையே இல்லே, வெறும் பூ. என்ன வாசனைங்கறே! அசேலியான்னு பேர். தோட்டக்கார மாலி கிட்ட கெஞ்சி ஒரு கன்று வாங்கிண்டு வந்திருக்கேன், உனக்காக."

உனக்காக என்று சொன்ன பிறகு விறகு என்று எப்படிச் சொல்வது? பெரிய மண் தொட்டியில் நட்டு மொட்டை மாடியில் வைத்தோம்.

கல்கத்தா பவானிபூரில் எங்கள் மாடியும் அடுத்த வீட்டு மாடியும் ஒட்டியிருந்தன. நடுவில் இடுப்பளவு சுவர். அந்த வீட்டு மருமகளுக்கு என் வயதுதான் இருக்கும். நான் அவளை தீதி என்று கூப்பிட்டேன். அவள் என்னை தீதி என்று கூப்பிட்டாள். வங்காளத்தில் அக்காவுக்கு அப்படிச் சொல்வார்கள். இரண்டு பேருமே அக்காவானால் யார் தங்கை என்று நாங்கள் கேட்டுக்கொள்ளவே இல்லை. என் வங்காளம் அப்போது காய்கறிக்காரனோடு மல்லுக்கட்டும் அளவுக்குத்தான் வந்திருந்தது. அவளுக்குத் தமிழில் 'காப்பி', 'வா', 'போ' மூன்றும் தெரியும். அதை வைத்துக்கொண்டு நாள் முழுக்கப் பேசுவோம்.

கொஞ்ச நாளில் செடியில் மிச்சமிருந்த இலைகளும் உதிர்ந்தன. ஒரு ஞாயிற்றுக்கிழமை என் கணவர் மாணிக்தலா பக்கம் ஒரு நர்சரிக்குப் போய் விசாரித்து வந்தார். முகம் தொங்கியிருந்தது.

"அங்கே தொட்டி தொட்டியா அசேலியா வச்சிருக்கான். எல்லாம் பச்சைப் பசேல்னு இருக்கு. அசேலியா இலையை உதிர்க்காதாம். வாசனையும் கிடையாதாம். உங்க செடி செத்துப்போச்சு, அது அசேலியாவும் இல்லேங்கறான்."

சுவருக்கு அந்தப் பக்கம் துணி உலர்த்திக்கொண்டிருந்த தீதி, அவர் கீழே இறங்கிய பிறகு சுவரேறிக் குதித்து வந்தாள். குச்சியின் பட்டையை நகத்தால் லேசாகச் சுரண்டினாள். உள்ளே பச்சை.

"பேஞ்சே ஆச்சே!" என்று கூவினாள். உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம். இரண்டு பேரும் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு சுற்றுச் சுற்றினோம். குச்சிகளின் நுனியில் செதில் செதிலாக மூடிய தடித்த மொட்டுகள் இருப்பதை அப்போதுதான் கவனித்தோம்.

அந்த மொட்டுகள் மார்கழி முழுதும் அப்படியே இருந்தன. என்ன பூ வரும் என்பதில் எங்களுக்குள் போட்டி. அவள் கந்தராஜ் என்றாள், அவர்கள் ஊரில் மணக்கும் ஒரு வெள்ளைப் பூ. நான் நந்தியாவட்டை என்றேன். கிள்ளினால் பால் வரவில்லையே என்று அவள் என்னை மடக்கினாள். ஒரு நாள் மலையில் எப்படிக் குளிரும் என்று என் கணவர் சொன்னதை அவளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். அவள் கண் விரிந்தது.

"அப்போ இதுக்குக் குளிர் போதலை. பரஃப் வைப்போம்!"

பரஃப் என்றால் ஐஸ்கட்டி. தெருவில் மரத்தூளில் புதைத்து ஐஸ் விற்றுக்கொண்டு போகிறவனை அந்தக் குளிர்காலத்தில் கூப்பிட்ட ஒரே வீடு எங்களுடையதாகத்தான் இருக்கும். அவன் இரண்டு முறை, "ஐஸா? இப்பவா?" என்று கேட்டான். கட்டியை உடைத்து, வேரில் படாமல் தொட்டிக்கு வெளியே சுற்றி அடுக்கி, ஈரக் கோணியால் மூடினோம். விரல்கள் மரத்துப் போயின. அவள் ஒரு துண்டை என் முதுகில் போட, நான் அலறிய அலறலில் கீழேயிருந்து அவர் ஓடி வந்தார். கோணி சுற்றி, சொட்டச் சொட்ட நின்ற தொட்டியைப் பார்த்தார். "செடிக்கு ஜுரமா?" என்றார். தீதி முக்காட்டை இழுத்துவிட்டுச் சுவருக்குப் பின்னால் உட்கார்ந்து குலுங்கினாள்.

ஐஸ்தான் காரணமா, அல்லது மலையிலேயே வாங்கிக்கொண்டு வந்த குளிரே போதுமாயிருந்ததா, எனக்கு இன்றைக்கும் தெரியாது. மாசி மாதம் ஒரு காலை மாடிக் கதவைத் திறந்தேன். ஏதோ ஒரு வாசனை முகத்தில் வந்து மோதியது. கிராம்பும் பாகு காய்ச்சும் வெல்லமும் கலந்த மாதிரி. இலை ஒன்றுகூட இல்லை. குச்சி நுனியெல்லாம் வெள்ளைப் பூங்கொத்து. விளிம்பில் லேசான ரோஜா நிறம். ஒவ்வொன்றும் சின்னப் புனல் போல நீண்டு, உள்ளிருந்து மகரந்தக் கம்பிகள் வெளியே எட்டிப் பார்த்தன.

"தீதீ!" என்று நான் கத்தியதில் பக்கத்து வீட்டுப் புறாக்கள் கலைந்தன. அவள் பாதிப் பின்னலோடு வந்தாள்.

பூ என்றால் தலையில் வைக்க வேண்டும், எனக்கு அதுதான் தெரியும். ஒரு கொத்தைக் கிள்ளி அவள் தலையில் செருகினேன். அவள் எனக்குச் செருகினாள். பூவின் வெளிப்புறம் பிசுபிசுவென்று பசை போல இருந்தது. முடியில் ஒட்டியது ஒட்டியதுதான், எடுக்க வரவில்லை. அது போதாதென்று, சின்ன வயதில் இட்லிப்பூவின் காம்பைக் கிள்ளித் தேன் உறிஞ்சிய பழக்கத்தில் நான் ஒரு பூவை வாயில் வைத்தேன். இனித்தது. அவளுக்கும் கொடுத்தேன். அவளுக்குப் பிடித்துவிட்டது. மாறி மாறி உறிஞ்சினோம்.

கொஞ்ச நேரத்தில் எதிர்வீட்டுக் கைப்பிடிச் சுவர் மெதுவாக நகர்வது போலத் தோன்றியது.

"தீதி, உனக்குத் தலை சுத்தறதா?" என்றேன்.

"நீ ஏன் இரண்டு பேரா நிற்கிறே?" என்றாள் அவள்.

அப்புறம் எங்களால் சிரிப்பை அடக்க முடியவில்லை. தரையில் உட்கார்ந்துவிட்டோம். அந்தச் சத்தத்தில் அவள் மாமனார் ஏறி வந்தார். அவர் ஹோமியோபதி டாக்டர். மாமனாரைப் பார்த்ததும் அவள் சட்டென்று முக்காடு இழுத்தாள். முக்காடு பூவின் பசையில் ஒட்டிக்கொண்டு கோணலாக நின்றது. எனக்கு மறுபடி சிரிப்பு.

"என்ன சாப்பிட்டீர்கள்?"

நான் பூவைக் காட்டினேன். அவர் எங்கள் நாடியைப் பிடித்துப் பார்த்தார், தலை எந்தப் பக்கமாகச் சுற்றுகிறது என்று கேட்டார், உப்புப் போட்ட எலுமிச்சைச் சாறு கொடுக்கச் சொன்னார். அதன் பிறகுதான் பூவை மூக்கருகே கொண்டுபோனார். அவர் முகமும் மலர்ந்துவிட்டது.

"மலைப் புதர் ஜாதி இது. ஆடு மேய்ந்தால் தள்ளாடும். தேனும் அப்படித்தான். இனி வாயில் வைக்காதீர்கள், புரிந்ததா? உங்கள் வீட்டுக்காரர் சொன்னது சரி. அசேலியாதான்."

நல்லவேளையாக அன்று மத்தியானத்துக்குள் இரண்டு பேருக்கும் தெளிந்துவிட்டது. வந்த தலைசுற்றலில் பாதி சந்தோஷத்தில் வந்தது என்றுதான் நான் நினைக்கிறேன். ஆனாலும் அதன் பிறகு ஒருநாளும் அந்தப் பூவை வாயில் வைத்ததில்லை; வீட்டுக்கு வந்த குழந்தைகளையும் தொட்டி பக்கம் விட்டதில்லை.

என் கணவர் அன்றைக்கு ஆபீஸிலிருந்து நேராக மாடிக்கு வந்தார். செடியைச் சுற்றிச் சுற்றி வந்தார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஒரு பூவை ஈரத் துணியில் சுற்றிக்கொண்டு நர்சரிக்குப் போனார். கைக்குட்டையில் அவர்களுடைய பூ ஒன்றோடு திரும்பி வந்தார்.

"அவன் மூக்கை நம்ம பூவிலேர்ந்து பிடுங்கறதுக்குள்ளே போறும் போறும்னு ஆயிடுத்து! இங்கே பாரு. அவனோடது சீனாவிலேர்ந்து வந்த ஜாதியாம். எண்ணிப் பாரு."

எண்ணினோம். அவர்கள் பூவில் மகரந்தக் கம்பிகள் பத்து. நம்முடையதில் ஐந்து, அதுவும் இதழைத் தாண்டி நீண்டவை. அவர்கள் பூவில் பசை இல்லை, வாசனை இல்லை. இலை உதிர்க்கிற ஜாதிதான் மணக்கும் என்று அந்த நர்சரிக்காரரே பெரிய புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துச் சொல்லி அனுப்பியிருந்தார்.

பூக்கள் உதிர்ந்ததும் பங்குனியில் இலை துளிர்த்தது. பசைப் பூவுக்கு வந்த எறும்புகளை விரட்ட நான் தொட்டியைச் சுற்றிச் சுண்ணாம்புத் தண்ணீர் ஊற்றியிருந்தேன். புது இலை நரம்பு மட்டும் பச்சையாக, மற்ற இடமெல்லாம் மஞ்சளாக வெளுத்தது. அவர் தலையில் அடித்துக்கொண்டார்.

"சுண்ணாம்பா! மாலி ஒண்ணே ஒண்ணுதான் சொன்னான். புளிச்ச மண்ணு வேணும், சுண்ணாம்பு வாசனையே ஆகாதுன்னு."

மண்ணை மாற்றினோம். மக்கிய இலையும் ஆற்று மணலும் கலந்து, வேர் ஆழமாகப் போகாமல் மேலாகவே நட்டோம். வெயில் காலையில் மட்டும் படும்படி தண்ணீர்த் தொட்டியின் நிழலுக்கு நகர்த்தினோம். தீதி வீட்டில் தேயிலைச் சக்கை, எங்கள் வீட்டில் காப்பிச் சக்கை. இரண்டும் புளிப்புதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். எது நல்லது என்பதில் தினமும் சண்டை. இலை மறுபடி பச்சையானபோது அவள் தேநீர் ஜெயித்தது என்றாள். நான் காப்பி என்றேன். இரண்டையும் மக்கிய இலையோடு துளித் துளிதான் போட்டிருந்தோம்.

வெயில் ஏற ஏற எனக்குப் பயம் பிடித்தது. சித்திரையில் கல்கத்தா வேகும்; இந்தச் செடி எப்படித் தாங்கும்?

"ஆபீஸே மலைக்குப் போறது. இதுவும் வரட்டும்," என்றார் அவர்.

போயிற்று. பத்மா நதியைப் படகில் கடந்து, சின்ன ரயிலில் அவர் மடியில் உட்கார்ந்து மலையேறியது. சக குமாஸ்தாக்கள் அதற்குக் குல்லாய் போட்டுக் கேலி செய்தார்களாம். கார்த்திகையில் மொட்டோடு இறங்கி வந்தது. அப்படியே வருஷா வருஷம். தீதியும் நானும் ஸ்டேஷனுக்கு ஒரு தடவை வண்டி கட்டிக்கொண்டு போனோம். அவர் இறங்குவதற்கு முன்பே செடியை ஜன்னல் வழியாக வாங்கிக்கொண்டோம். அவரை மறந்துவிட்டோம் என்று இரண்டு நாள் முகம் தூக்கிக்கொண்டிருந்தார்.

தீதிக்கும் ஒரு செடி வேண்டும் என்று எனக்கு ஆசை. அடிக் கிளை ஒன்றை வளைத்து, பட்டையை லேசாகக் கீறி, பக்கத்தில் வைத்த சின்னத் தொட்டி மண்ணில் பதித்து மேலே கல் வைத்தேன். அந்த வருஷம் அவர் பெரிய தொட்டியையும் சின்னத் தொட்டியையும் ஒன்றாகக் கட்டி, இரட்டைக் குழந்தை பெற்றவர் போல ரயிலேறினார். வேர் பிடிக்க ஒரு வருஷத்துக்கு மேல் ஆயிற்று. பிறகு கிளையை வெட்டிப் பிரித்துச் சுவருக்கு அந்தப் பக்கம் கொடுத்தேன்.

அது முதன்முதலாகப் பூத்தது ஒரு மாசி மாதக் காலை. என்னுடையது இன்னும் மொட்டுதான். தீதி சுவர்மேல் ஏறி நின்று, கையை ஆட்டி, தெருவுக்கே கேட்கிறாற்போல் அவளுக்குத் தெரிந்த தமிழில் கூப்பிட்டாள்:

"வா! வா! வா!"

நான் அடுப்பில் பாலை வைத்துவிட்டு ஓடினேன். அது பொங்கி வழிந்தது.