இரவல் வாங்கிய பித்தப்பைக் கல்

மூன்று வருஷத்துக்கு முன்னால், காலண்டர் சீசன் உச்சத்தில் இருந்த நேரம். சிவகாசி அச்சகம் ஒன்றில் காலண்டருக்குத் தகரப் பட்டை அடித்துக்கொண்டிருந்த நான், வயிற்றைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். சில மாதங்களாக வந்து வந்து போன வலிதான். "பித்தப்பைக் கல்லாத்தான் இருக்கும்" என்று ஆமத்தூரில் எங்கள் தெருவே தீர்ப்புச் சொல்லிவிட்டது.

மதுரை ஆஸ்பத்திரியில் ஸ்கேனைப் பார்த்த டாக்டரோ, கல்லே இல்லை என்றார். பித்தக் குழாயும் கணையக் குழாயும் சிறுகுடலின் சுவருக்குள் போய்ச் சேர வேண்டுமாம். எனக்குப் பிறவியிலேயே அதற்கு முன்னால், வெளியிலேயே சேர்ந்துவிட்டதாம். அதனால் கணைய நீர் பின்னோக்கி ஏறிப் பித்தப்பையைப் புண்ணாக்குகிறது. விட்டுவைத்தால் புற்றுநோய் வர வாய்ப்பு அதிகம், பையை எடுத்துவிடுவதுதான் நல்லது என்றார்.

கூட வந்த என் மாமியார் அசரவில்லை.

"அப்ப, சாக்கடைத் தண்ணி எதுத்து ஏறுத மாதிரிங்கிறீக?"

"கிட்டத்தட்ட அப்படித்தாம்மா."

"அது எங்க தெருவுலயுந்தான் மழைக்கு மழை ஏறுது. அதுக்காகத் தெருவையா அறுத்துப் போட்டோம்?"

டாக்டர் சிரிப்பை அடக்கக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நான் சம்மதம் சொன்னேன்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. பையைப் பரிசோதனைக்கு அனுப்பியிருந்தார்கள். ரிசல்ட்டை நினைத்து எனக்குக் கஞ்சிகூட இறங்கவில்லை. மாமியாருக்கு வேறு கவலை. பக்கத்துக் கட்டில் நாரணாபுரத்து அம்மா, தன் பித்தப்பையில் எடுத்த கற்களை டப்பாவில் போட்டு, பார்க்க வருகிறவர்களிடமெல்லாம் குலுக்கிக் காட்டிக்கொண்டிருந்தார்.

"ஊருல கல்லு எங்கன்னு கேட்டா நான் என்னத்தக் காட்ட?" என்று மாமியார் புலம்பினார்.

அந்த அம்மா டப்பாவைத் திறந்து நீட்டினார். "வெசனப்படாதீக மதினி. எங்கிட்ட அம்புட்டுக் கெடக்கு. நல்லதாப் பாத்து ரெண்டு எடுத்துக்கிடுங்க."

மாமியார் எடுத்தேவிட்டார். அதுவும் பெரிதாகப் பார்த்து! தையல் பிரிந்துவிடுமோ என்று வயிற்றை அமுக்கிக்கொண்டு சிரித்தேன்.

ஊரில் கல்லைப் பார்த்தவர்கள் வாயைப் பிளந்தார்கள். மாமியாரின் மானத்துக்காக நான் வாயைத் திறக்கவில்லை.

பிறகு ரிசல்ட் வாங்கப் போனோம். உட்சுவரில் செல்கள் மாற ஆரம்பித்திருந்தன, ஆனால் புற்றுநோய் ஆகவில்லை, நல்ல நேரத்தில் எடுத்துவிட்டோம் என்றார் டாக்டர். குழாயை மட்டும் வருஷா வருஷம் ஸ்கேன் செய்து பார்த்துக்கொள்ளச் சொன்னார்.

பஸ்ஸில் மாமியார் என் கையை விடவேயில்லை. தெருவுக்குள் நுழைந்ததும் எதிர்வீட்டுப் பெண், கல்லைத் தன் தங்கைக்கும் காட்டச் சொன்னாள்.

"அது எம்மருமக கல்லே இல்லத்தா. சும்மா பீத்திக்கிட்டேன்" என்றார் மாமியார், தெருவுக்கே கேட்கும்படி. "கல்லு இல்லாமயே ஆளத் தூக்கிட்டுப் போற நோவும் இருக்காம். நீயும் வயிறு வலிக்குதுன்னியே, நாளைக்கே போயிக் காட்டு."

தன் மானம் போனாலும் இன்னொருத்தி பிழைக்கட்டும் என்று நடுத்தெருவில் நின்று சொன்ன அந்தக் குரல்தான், ஒவ்வொரு வருஷமும் ஸ்கேனுக்காகப் படுக்கும்போது இன்றைக்கும் எனக்குத் துணையாக இருக்கிறது.