பட்டியலில் முதல் பேர்

குடியேற்றத் திட்டத்தில் காணி கிடைத்து, கிளிநொச்சிப் பக்கத்து அக்கராயனுக்கு வந்த நாங்கள் எதற்கெடுத்தாலும் மனு எழுதுவோம். குளத்து மதகுக்கு ஒன்று, பஸ்ஸுக்கு ஒன்று. கையெழுத்து அழகாக இருந்த பாவத்துக்கு என்னைக் குடியேறியவர்களின் சங்கத்துக்குக் காரியதரிசி ஆக்கிவிட்டார்கள். எனக்கும் அது பெருமைதான், மறைப்பானேன்.

அந்த ஆண்டு பாராளுமன்றத் தேர்தல் இரண்டு முறை வந்தது. முதல் தேர்தலில் வென்றவர் மாலையும் கழுத்துமாக ஊருக்கு வந்தபோது, எங்களுக்கு ஒரு அரசாங்க மருத்துவிச்சி வேண்டுமென்று மனுவை நீட்டினேன். அவர் நின்றபடியே வாசித்தார்.

"தம்பி, சும்மா இல்லை இல்லையெண்டு எழுதினால் மந்திரி சிரிப்பார். வயித்துப்பிள்ளைக்காரரின்ர பேர், எத்தினையாம் மாசம், எல்லாம் பட்டியலாத் தாரும். நான் சபையில கேள்வியாக் கேக்கிறன்."

வீடு வீடாகச் சைக்கிளில் போய் ஏழு பேரை எழுதினேன். ஊரார் வீட்டுப் பெண்களை எழுதிவிட்டு என் வீட்டை மறைப்பது சரியில்லை என்று, முதல் பேராக என் மனைவியின் பேரைப் போட்டேன். அவளுக்கு அப்போது ஏழாம் மாதம்.

தலைப்பிள்ளைப் பேறு என்றால் தாய் வீட்டில்தான். சில கிழமைகளில் மாமி யாழ்ப்பாணத்திலிருந்து மகளைக் கூட்டிப்போக வந்தார். நான் விடவில்லை.

"காரியதரிசியின்ர பெண்சாதியே ஊரில இல்லையெண்டால் மனு பொய்யாப் போயிடும் மாமி. கேள்வி குடுத்தாச்சு. மந்திரி பதில் சொல்லத்தானே வேணும்."

மாமி மகளைப் பார்த்தார். "நீங்கள் போங்கோ அம்மா. இவர் சொல்லுறார்தானே" என்றாள் அவள். பிள்ளை பெற்றவளுக்கு அரைத்துக் கொடுக்கும் சரக்கையெல்லாம் மாமி ஒரு பெட்டியில் கொண்டுவந்திருந்தார். அதைக் குசினியில் வைத்துவிட்டு அடுத்த பஸ்ஸில் போய்விட்டார்.

கொழும்பை நான் கண்டதில்லை. பாராளுமன்றத்தில் கேட்டுவிட்டால் கிடைத்த மாதிரித்தான் என்று உண்மையாகவே நம்பினேன். புதுச் சபையைத் திறந்துவைக்கும் சிம்மாசனப் பிரசங்கத்தின் மேல் விவாதம் முடிந்ததும் எங்கள் கேள்வி எடுக்கப்படும் என்று எங்கள் உறுப்பினரிடமிருந்து கடிதம் வந்தது. சங்கக் கூட்டத்தில் அதை இரண்டு முறை வாசித்தேன்.

விவாதம் முடிந்தது. வாக்கெடுப்பில் அரசாங்கம் தோற்றது, பாராளுமன்றத்தைக் கலைத்துவிட்டார்கள். கூட்டுறவுச் சங்கக்கடையில் பேப்பரைப் பார்த்துத்தான் அறிந்தேன்.

"அப்ப எங்கட கேள்வி?" என்று கடை மனேச்சரைக் கேட்டேன்.

"சபையே இல்லை. பிறகென்ன கேள்வி?" என்றார், சீனி நிறுத்தபடி.

அவளுக்கு அப்போது ஒன்பதாம் மாதம் நடந்துகொண்டிருந்தது. குண்டும் குழியுமான அந்தக் கிரவல் றோட்டில் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போகப் பயமாக இருந்தது. சபை கலைந்ததை நான் அவளுக்குச் சொல்லவுமில்லை. அவள் கேட்கவுமில்லை.

ஒரு காலையில் நோவு கண்டது. வண்டிலில் வைக்கோல் பரப்பிக் கிளிநொச்சிக்குக் கொண்டுபோனோம். பாதி வழியில் பிள்ளை பிறந்தது. ஆண் பிள்ளை. அழவில்லை. ஆஸ்பத்திரியில் அவளை மட்டும் காப்பாற்றித் தந்தார்கள்.

எனக்கு அழுகை வரவில்லை. மனம் மரத்துப் போயிருந்தது. வயலுக்குப் போனேன், சாப்பிட்டேன், கூட்ட அறிக்கை எழுதினேன். இரண்டாம் தேர்தல் வந்தபோது வரிசையில் நின்று அதே ஆளுக்கு வாக்குப் போட்டேன். அவர் மறுபடியும் வென்றார். புது மனு தரச் சொல்லி ஆள் அனுப்பினார். பழையது போதும் என்று சொல்லிவிட்டேன். என்னால் எழுத முடியவில்லை.

சொன்னால் நம்பமாட்டீர்கள், அவர் கேள்வியைக் கேட்டார். மந்திரியும் பதில் சொன்னார். மாரி தொடங்கியபோது வெள்ளைச் சேலையும் கையில் ஒரு பெட்டியுமாக மருத்துவிச்சி எங்கள் படலையைத் திறந்துகொண்டு வந்தார். மற்றக் கையில் ஒரு தாள். என் கையெழுத்தைத் தூரத்திலேயே கண்டுகொண்டேன்.

"பட்டியலில முதல் பேர் இந்த வீடுதான். பிள்ளை எங்கை, எத்தினை மாசம் இப்ப?"

குசினியிலிருந்து மனைவி வந்தாள். தாளை வாங்கித் தன் பேரைப் பார்த்தாள். பட்டியலில் முதல் பேர் தன்னுடையது என்று அன்றைக்குத்தான் அவளுக்குத் தெரிந்தது. நான் அவளிடம் கேட்காமலே எழுதியிருந்தேன்.

தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, மாமி வைத்துப்போன சரக்குப் பெட்டியை எடுத்துவந்து மருத்துவிச்சியின் கையில் கொடுத்தாள்.

"இஞ்சை ஒருத்தருமில்லை. பக்கத்துக் காணிக்காரிக்குப் பெறுமாசம் கிட்டுது. அங்கை போங்கோ."